தொட்டிக்குள் தொட்டி

அன்று அவளை எழுப்பியது நாற்றம்.

சாக்கடை அடைத்துக்கொண்டால் கிளம்புமே, அந்த ரகம். வார விடுமுறை, கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம் என்று இருந்தவளை மூக்கைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்துவிட்டது. சமையலறையை முகர்ந்தாள். குளியலறையை முகர்ந்தாள். ஒரு சந்தேகத்தின் பேரில் கணவனின் காலுறையையும் முகர்ந்து பார்த்தாள். பாவம், இந்த முறை அதன் மேல் குற்றமில்லை.

கடைசியில் நாற்றம் அவளைக் கூடத்து மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனது. அங்கே ரப்பர் செடி நின்றுகொண்டிருந்தது. நின்றது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். சுவரில் சாய்ந்து கிடந்தது.

போன வாரம் அது கொத்துக் கொத்தாக இலையை உதிர்த்ததும், "பட்டுப்போனதை வீட்டுல வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற, தூக்கிப் போடு" என்று மேல்மாடி நாத்தனார் தீர்ப்புச் சொன்னாள். "லீவு வரட்டும், நானே பார்த்துக்கறேன்" என்று இவள் வீம்பு பிடித்தாள். இதோ, லீவு வந்துவிட்டது.

இவளுக்கு வேலை மருந்துக்கடையில். சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவள் இல்லை. "வெறும் வயித்துல போடாதீங்க, அதோட இதைச் சேர்க்காதீங்க" என்று ஒவ்வொருவரையும் நிற்க வைத்து மிரட்டி அனுப்புவாள். வீட்டிலும் அதே கெடுபிடிதான். செடிக்குக்கூட அளவுக்கோடு போட்ட குவளையில்தான் தண்ணீர். அப்படி வளர்த்த செடி இப்படி ஆனதில் அவளுக்கு வருத்தத்தைவிட அவமானம்தான் அதிகம்.

செடிக்குப் பக்கத்து நாற்காலியில் மாமனார் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக ஏறி இறங்கிய மனுஷர், இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு அந்த நாற்காலியோடு நின்றுபோனார். கையில் பால் டம்ளர். மகன் காய்ச்சிக் கொடுத்த பால்.

அதுவும் ஒரு அதிசயம்தான். வெந்நீர் வைக்கக்கூட வழி கேட்கிற அவள் கணவன், கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் தன் கையால் அப்பாவுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறான். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவன் ஆசிரியர். சோபாவில் உட்கார்ந்து பேசும்போதுகூட வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். அதனால் வீட்டில் அவனுக்குப் பெயரே பிரேக். பிரேக்குக்குத் திடீரென்று பொங்கிய இந்தப் பாசத்தைப் பார்த்து அவளுக்கு உள்ளூரப் பெருமை.

"மாமா, இந்த நாத்தம் உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கா? மூக்கு அடைச்சிருக்கும்மா."

அவள் செடியின் தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டினாள். மேல் பகுதியில் பழுப்பு. கொஞ்சம் கீழே சுரண்டினாள். அங்கேயும் பழுப்பு. இன்னும் கீழே, முழங்கால் உயரத்தில் சுரண்டியபோது தோலுக்கடியில் பச்சை தெரிந்தது.

"உசிரு இருக்கு மாமா! இலையெல்லாம் போனா என்ன, அடித்தண்டு பச்சையா இருக்கு. காப்பாத்திடலாம்."

மாமனார் முகம் மலரவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"எதுக்குடா டாக்டரம்மா வீண் வேலை? அதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு. நீ தொடாத. நானே லிஃப்ட்ல எடுத்துட்டுப் போய்க் கீழ குப்பையில போட்டுட்டு வந்துடறேன்."

"பக்கெட் தண்ணியே தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இதைத் தூக்கப் போறீங்களா? பேசாம உட்காருங்க."

"பிரேக் வந்து எடுப்பான். சாயந்திரம் பார்த்துக்கலாமே."

"சாயந்திரத்துக்குள்ள வேர் மொத்தமும் அழுகிடும்."

மாமனாருக்குச் செடி மேல் என்ன அப்படியொரு வெறுப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. செடியை இழுத்துக்கொண்டு பின்பக்கத்துப் பால்கனிக்குப் போனாள். பழைய செய்தித்தாளை விரித்தாள். கத்தி, அதைத் துடைக்க ஸ்பிரிட், ஒரு பை மணல், தேங்காய் நார்த்தூள், கொஞ்சம் கரித்துண்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். மாமனாரும் பின்னாலேயே வந்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தச் செடிக்கு இரண்டு தொட்டி. கடையில் வாங்கும்போதே அது இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி உள்ளே. அது பார்க்க லட்சணமாக இல்லையே என்று அவள் ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளைப் பீங்கான் தொட்டி வெளியே. உள்தொட்டிக்கு அடியில் ஓட்டை உண்டு, வெளித்தொட்டிக்கு இல்லை. முன்பெல்லாம் வாரம் தவறாமல் உள்தொட்டியைத் தூக்கி, அடியில் தேங்கியதைக் கொட்டுவாள். செடி ஆள் உயரம் வளர்ந்து கனத்துப்போனதும் அந்த வேலையை விட்டுவிட்டாள். அளந்துதானே ஊற்றுகிறோம், எங்கே தேங்கப்போகிறது என்கிற தெனாவட்டு.

உள்தொட்டியின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஆட்டி அசைத்து, காலால் வெளித்தொட்டியை அணைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்குகிற சத்தத்தோடு வந்தது. கூடவே வந்த நாற்றத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

மூக்கைப் பொத்திக்கொண்டு வெளித்தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

பாதிக்கு மேல் தண்ணீர். கருத்துப்போன தண்ணீர். அதைச் சாய்த்துக் கொட்டியதும் அடியில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குழம்பு தெரிந்தது. பூஞ்சையா? விரலால் தொட்டாள். மாவு மாதிரி ஒட்டியது. விளிம்போரத்தில், தண்ணீர் படாத இடத்தில், வட்டமாக ஏதோ ஒன்று சிக்கியிருந்தது. எடுத்துத் துடைத்தாள்.

சின்ன, இளஞ்சிவப்பு மாத்திரை. நடுவில் ஒரு கோடு.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. எத்தனை ஆயிரம் மாத்திரைக்கு நடுவில் வைத்தாலும் அந்த மாத்திரையை அவளுக்குத் தெரியும். நேற்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாமனாரின் உள்ளங்கையில் அவளே வைத்த மாத்திரை அது. வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்த மாத்திரை.

ரத்தம் கட்டிப்போகாமல் இருக்க வால்வு மாற்றியவர்கள் ஆயுள் முழுக்கப் போட்டாக வேண்டியது அது. குறைந்தால் வால்வில் கட்டி அடைக்கும், கூடினால் உள்ளே ரத்தம் கசியும். அதனால்தான் அடிக்கடி ரத்தத்தைச் சோதித்து அளவு சொல்வார்கள். மாமனாருக்குச் சோதித்தபோதெல்லாம் மருந்து வேலை செய்யவே இல்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். அப்போதும் இல்லை. இன்னும் கூட்டினார். எதைச் சாப்பிடுவதால் இப்படி, எந்த மருந்தோடு சேராமல் இப்படி என்று இவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கூட்டிக் கூட்டிக் கொடுத்ததெல்லாம் தொட்டிக்குள் போயிருக்கிறது.

மெதுவாகத் திரும்பினாள். மாமனார் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா."

மாத்திரையை அவர் பக்கம் நீட்டினாள்.

"மாமா, என்ன இது?"

"நாக்குக்கு அடியில ஒதுக்கிக்குவேன்மா" என்றார் அவர், திருடி மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டே. "நீ அந்தப் பக்கம் போனதும் கைக்குட்டையில எடுத்து, ரெண்டு தொட்டிக்கும் நடுவுல போட்டுடுவேன். கரையட்டும்னு டம்ளர்ல மிச்சம் இருக்கிற தண்ணியையும் ஊத்திடுவேன்."

"எத்தனை நாளா?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து."

அவள் அப்படியே செய்தித்தாளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வர வேண்டும். வந்தது பயம்தான். இத்தனை நாள் மாத்திரை இல்லாமல் ஒரு செயற்கை வால்வு. எந்த நிமிஷம் வேண்டுமானாலும் போயிருக்கலாம். கூடத்தில், அந்த நாற்காலியில், இவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது.

"ஏன் மாமா? எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"பயம்தான். முதல்ல பாதி பயம். அப்புறம் இந்தச் செடியைப் பார்த்தேன்." அவர் விரல் செடியைக் காட்டியது. "எப்படி இருந்துச்சு, சொல்லு. எண்ணெய் தடவுன மாதிரி மினுங்குச்சு. நான் தொட்டியில மாத்திரை போடப் போட ஒவ்வொரு இலையா விழுந்துச்சு. டாக்டர் அளவைக் கூட்டினதும் கொத்தா விழுந்துச்சு. மரம் மாதிரி இருந்ததையே இது இப்படிச் சாய்ச்சிருச்சுன்னா, நான் எம்மாத்திரம்?"

ஒரு மனுஷர் தினமும் நாற்காலியில் உட்கார்ந்து, செடி சாவதைப் பார்த்து, நல்லவேளை நான் முழுங்கவில்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கிறார்.

"செடியை மாத்திரை கொல்லல மாமா. நீங்க ஊத்தின தண்ணி கொன்னுச்சு. வெளித்தொட்டியில ஓட்டை கிடையாது. தினமும் ஊத்தி ஊத்தி, உள்தொட்டி தண்ணியிலேயே நின்னு வேர் அழுகிப்போச்சு. இதோ பாருங்க."

உள்தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். மண்ணோடு வேர்க்கட்டி வந்தது. பாதிக்கு மேல் கருத்துக் கொழகொழத்து, தொட்டால் தோல் உரிந்து கையோடு வந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை வேர் விறைப்பாக இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். லிஃப்ட்டின் கம்பிவடத்தைப் பார்க்கிற கண்ணால் பார்த்தார். ஆனாலும் சமாதானமான மாதிரி தெரியவில்லை.

"பயம்னா என்கிட்டச் சொல்ல மாட்டீங்களா? நான் எதுக்கு இருக்கேன்?"

"உன்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

"ஏன்?"

அவர் பார்வையைச் செடியின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உங்க அத்தைக்கும் இதே மாத்திரைதானே."

கத்தியை எடுக்கப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"கால் நரம்புல ரத்தக்கட்டுன்னு இதைத்தானே கொடுத்தாங்க. அவ ஒரு வேளை தவற விட்டதில்ல. நீ கொடுப்பே, அவ முழுங்குவா, வாயைத் தொறந்து நாக்கை வேற நீட்டிக் காட்டுவா உன்கிட்ட. நீங்க ரெண்டு பேரும் சிரிப்பீங்க. அப்புறம் என்ன ஆச்சு? மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சு, ஒரே நாள்ல..." கையை விரித்தார். "உன்மேல தப்புன்னு நான் சொல்லலம்மா. சத்தியமா சொல்லல. ஆனா நீ கையை நீட்டி மாத்திரை கொடுக்கறப்பல்லாம் எனக்கு அவ ஞாபகம்தான். அதை உன் முகத்துக்கு நேரா எப்படிச் சொல்லுவேன்? என் பொண்ணுகூட என்னை இப்படிப் பார்த்துக்கல."

அத்தை போன வருஷம் போனார். கொடுத்த கை தன்னுடையது என்பதை ஒரு நாளாவது இவள் மறந்ததுண்டா? அளவு சரியாக இருந்தது, முந்தின மாதச் சோதனையும் சரியாக இருந்தது, கடைசி நாளில் மட்டும் எப்படி அப்படி எகிறியது என்று எத்தனை முறை தனியாக உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறாள். சிலருக்கு இப்படி ஆகிவிடுகிறது என்று டாக்டர் சொன்னதை இவளால் நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அந்தச் சந்தேகம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷருக்கும் இருந்திருக்கிறது.

அழவில்லை. அழுதால் அவர் தாங்க மாட்டார். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகிய வேரை வெட்ட ஆரம்பித்தாள். கை தானாக வேலை செய்தது. கறுத்ததை எல்லாம் வெட்டி எறிந்து, வெள்ளையை மட்டும் விட்டாள். பிறகு தண்டில் பச்சை தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கணுவுக்கு மேலாக, சாய்வாக ஒரே வெட்டு. வெள்ளைப் பால் குபுக்கென்று வடிந்தது.

"துணியைக் கொடுங்க மாமா. பால் கண்ணுல பட்டா எரியும்."

அவர் துணியை எடுத்து நீட்டினார். சட்டைக் கை மேலே ஏறியது.

முழங்கைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்றிப்போன திட்டு. கத்தரிப்பூ நிறத்தில்.

"இது என்ன?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"எப்போ?"

"நேத்தோ என்னவோ. லேசாத்தான் பட்டுச்சு. வயசாச்சுல்ல, தோல் மெலிசாப் போச்சு. பல்லு வெளக்கினாக்கூட ரெண்டு நாளா சிவப்பாத்தான் துப்பறேன்."

அவள் நிமிர்ந்தாள். மருந்துக்கடைக்காரி விழித்துக்கொண்டாள். லேசாகப் பட்டால் இவ்வளவு கன்றுவது, ஈறில் ரத்தம், இதெல்லாம் அந்த மாத்திரை கூடிப்போனவர்களுக்கு வருவது. கடையில் எத்தனை பேரிடம் கேட்டுக் கேட்டு எச்சரித்திருக்கிறாள். ஆனால் இவர்தான் ஒரு மாத்திரைகூட முழுங்கவில்லையே!

முழுங்காத மாத்திரை எப்படி வேலை செய்யும்?

அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற யாராவது உங்களுக்கு மருந்து கொடுத்தாங்களா? மேல்மாடியில இருந்து ஏதாவது?"

"யாரும் ஒண்ணும் கொடுக்கல. நீ கொடுக்கறது, சமைக்கறது. காலையில அவன் கொடுக்கற பால். அவ்வளவுதான். அதுவும் அடியில கசக்குது. சர்க்கரையைக் கலக்கவே தெரியல அவனுக்கு."

அவள் மண்கையோடு கைப்பேசியை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லு. மேடம், கிளட்சை மெதுவா விடுங்க. மெதுவா! ம், சொல்லு, கிளாஸ்ல இருக்கேன்."

"மாமாவுக்குப் பால்ல என்ன கலக்கறீங்க?"

அந்தப் பக்கம் வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள்.

"கண்டுபிடிச்சுட்டியா?" என்றான் அவன். குரலில் பயமே இல்லை. பரிசு வாங்கப்போகிறவன் குரல். "போன ரத்தச் சோதனைக்கு அப்புறம் ஒரு நாள், அப்பா மாத்திரையைக் கைக்குட்டையில துப்பறதை நான் பார்த்துட்டேன். உன்கிட்டச் சொன்னா மனசு உடைஞ்சுபோயிடுவே. அதான் வேற கடையில அதே மாத்திரை வாங்கி, பொடி பண்ணி, பால்ல போட்டுடறேன். எப்படி? இப்ப அளவு நல்லா ஏறியிருக்கும் பாரேன்."

"எந்த அளவு மாத்திரை?"

"டாக்டர் கடைசியாக் கூட்டி எழுதினாரே, அதேதான். அவர் சொன்னதைத்தானே கொடுக்கணும்?"

முழுங்காதவருக்கு வேலை செய்யவில்லையே என்று கூட்டிக் கூட்டி எழுதிய அளவு அது. எந்த மனுஷ உடம்புக்காகவும் கணக்கிட்டதில்லை. பீங்கான் தொட்டிக்காக ஏற்றிய அளவு. அது முழுசாக ஒரு வயசானவர் உடம்புக்குள் தினமும் போயிருக்கிறது. இவள் கொடுத்ததையும் அவர் ஒழுங்காக முழுங்கியிருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும்?

"ஆஸ்பத்திரிக்கு வாங்க. இப்பவே. வண்டியை அப்படியே விட்டுட்டு வாங்க."

செடியும் கத்தியும் மண்ணும் கிடந்தபடி கிடந்தன. ஈரத்துணியை எடுத்து வெட்டிய வேரின் மேல் போட்டாளே, அது ஒன்றுதான் செடிக்கு அவளால் அப்போது செய்ய முடிந்தது. மாமனாரைக் கைத்தாங்கலாகப் பிடித்து லிஃப்ட்டுக்குள் ஏற்றினாள்.

"எங்கயும் இடிச்சுக்காம நில்லுங்க மாமா. தலையை ஆட்டாதீங்க."

"நான்தான் மாத்திரையே போடலையேம்மா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து அமுக்கிய நர்ஸ், எடுத்துப் பார்த்து, முகம் மாறி, மறுபடி அமுக்கினாள். சோதனை முடிவு வந்ததும் டாக்டர் அதை ஒரு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இந்த அளவுல இவர் நடந்து வந்தாரா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, கைக்குட்டை, பால். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. டாக்டர் கேட்டுக்கொண்டே மருந்தை எழுதினார். சொட்டுச் சொட்டாக அது இறங்கத் தொடங்கியது. தலையையும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே எங்கும் கசியவில்லை என்று சொன்னபோதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"நாளைக்குக் காலையில இன்னொரு டம்ளர் பால் குடிச்சிருந்தா நாம இப்படி நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்" என்றார் டாக்டர். "ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும். அளவை முதல்ல இருந்து பார்க்கணும்."

மாமனார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவள் கட்டிலருகே போனதும் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே நீ கொடுக்கறதை முழுங்கறேன்மா. நாக்கை நீட்டிக் காட்டறேன்."

அதைக் கேட்டதும் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது அவளுக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிரேக் வந்தபோது பேயறைந்தவனைப் போல இருந்தான். அப்பாவின் கையிலிருந்த கன்றலைப் பார்த்தான். டாக்டர் போட்ட சத்தத்தையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். நாத்தனார் வந்து கட்டிலருகே உட்கார்ந்ததும், மாற்றுத்துணி எடுத்து வருவதற்காக இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியில் அவள் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

பால்கனியில் செடி ஈரத்துணிக்கு அடியில் கிடந்தது. துணி காய்ந்து ஓரமெல்லாம் மொடமொடத்திருந்தது. அவள் அவசரமாக விலக்கிப் பார்த்தாள். வெள்ளை வேரில் இன்னும் ஈரம் இருந்தது.

"இப்ப நட்டாத்தான் உண்டு. கொஞ்சம் வந்து பிடிங்க."

பெரிய தொட்டி வேண்டாம் என்று, அடியில் ஓட்டை உள்ள சின்ன மண்தொட்டி ஒன்றைத் தேடி எடுத்தாள். ஓட்டையின் மேல் ஓட்டுத்துண்டு வைத்து, மணலும் நார்த்தூளும் கரியும் கலந்து பாதி நிரப்பினாள். கை உயரத்துக்கு நின்ற அந்த மொட்டைத் தண்டை அவன் எதிரே மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இலையே இல்லாம எப்படிப் பிழைக்கும்?"

"இந்தக் கணு இருக்கு பாருங்க. வேர் பிடிச்சா இங்க இருந்து முளைக்கும். இப்ப உரம் கூடாது, நேர் வெயில் கூடாது, தண்ணி ஒரே ஒரு தடவை. அப்புறம் மண்ணு காயணும். பாவமா இருக்கேன்னு ஆளாளுக்கு எதையாவது கொடுத்தோம்னா செத்துப்போயிடும்."

சொன்ன பிறகுதான், யாரைச் சொல்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது.

"நான் நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணேன்" என்றான். "உனக்குத் தெரியாம உனக்கு உதவி பண்றோம்னு நினைச்சேன்."

"தெரியும்."

"ஒண்ணும் ஆகாதுன்னுதான் நம்பினேன். அம்மாவுக்கும் இப்படித்தானே கொடுத்தேன், அப்ப மாத்திரையால ஒண்ணும் ஆகலையே. மண்டையில ரத்தம் கசிஞ்சது பிரஷர்லதானே."

மண்ணை அள்ளிய அவள் கை அந்தரத்தில் நின்றது.

"அம்மாவுக்கா?"

"ஆமா. கடைசி மாசம் ஒரு நாள் அம்மாவும் குளியலறையில மாத்திரையைத் துப்பறதைப் பார்த்தேன். சரி, நீ கொடுக்கறது எல்லாத்தையும் இப்படித்தான் ஏமாத்தறாங்கன்னு, கால் நரம்புக்கு எழுதின மாத்திரையை வாங்கிட்டு வந்து தினமும் பொடி பண்ணிக் காப்பியில கலந்துடுவேன். கடைசி வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாது." அவன் மூக்கை உறிஞ்சினான். "அதனாலதான் அவங்க கொஞ்ச நாளாவது நல்லா நடந்தாங்க."

"அம்மா துப்பினது எப்படி இருந்துச்சு?" மண்ணைப் பிடித்தபடியே கேட்டாள்.

"பெரிசா, வெள்ளையா. ஏன்?"

பெரிசா, வெள்ளையா. எலும்புக்கு எழுதிக் கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரை. தொண்டையில் சிக்கித் துப்பிவிடுகிறேன், அதை மட்டும் விட்டுவிடட்டுமா என்று அத்தை இவளிடம் கேட்டு, இவளும் சரி என்று சொன்ன மாத்திரை. இளஞ்சிவப்பை அவர் ஒரு நாளும் துப்பியதில்லை. இரவில் இவள் கையிலிருந்து ஒன்று. காலையில் காப்பியில் இன்னொன்று.

ஒரு வருஷமாக அவள் போட்டுப் போட்டுப் பார்த்தும் வராத கணக்கு, கண்ணெதிரே நேராகி நின்றது. அலறிவிடுவோமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். எதிரே மண்டியிட்டிருக்கிறவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அம்மாவை நன்றாக நடக்க வைத்தோம் என்ற அந்த ஒரு நினைப்பில்தான் அவன் இந்த வருஷத்தைக் கடந்து வந்திருக்கிறான். அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறவரோ, பெண்டாட்டியைக் கொன்றது மருமகள் கொடுத்த மாத்திரை என்று நினைத்தபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவருக்கு உண்மையைச் சொன்னால் இன்னொருவர் உடைந்துபோவார்.

மண்ணைப் போட்டாள். தண்டைச் சுற்றி விரலால் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"நிக்குதுன்னு நினைக்கிறேன்" என்றான் அவன். "கையை எடுத்துடவா?"

"வேண்டாங்க" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல். "இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சுக்கோங்க."